நீரிழிவு யாருக்கு வரக்கூடும்?

2004-ஆம் ஆண்டில் ‘லான்செட்’ என்னும் ஆங்கில மருத்துவ ஏட்டில் இரு மருத்துவர்களின் படம் ஒன்று வெளியாயிற்று. ஒருவர் புனே நகரைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக். மற்றவர் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின். எடையைக் கிலோகிராமில் கண்டு, அதனை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணை உடல் நிறைக் குறியீடு என்பர். அவ்வெண் இருவருக்கும் 22.3 ஆகவே இருந்தது. படத்தைப் பார்ப்பவர் இருவரையும் ஒல்லியானவர்கள் என்றே கூறுவர். ஆனால் எக்ஸ் கதிர்களைக் கொண்டு உடலின் கொழுப்பை அளந்தபோது, லண்டன் மருத்துவரின் உடலில் நூற்றுக்கு 9.1 பங்கும், புனே மருத்துவரின் உடலில் நூற்றுக்கு 21.2 பங்கும் கொழுப்பு இருப்பது தெரிய வந்தது. தராசு ஒரே எண்ணைக் காட்டிய இடத்தில், உள்ளே இருந்த சரக்கு வேறாக இருந்தது.

வேடிக்கை போலத் தோன்றும் இந்தச் சிறு செய்தியில் இந்நாட்டின் பெருந்தொல்லை ஒன்று அடங்கியுள்ளது. ‘எனக்கென்ன, நான் ஒல்லியாகத்தானே இருக்கிறேன்’ என்று கூறிக்கொண்டு பல்லாண்டுகள் இரத்தத்தைச் சோதித்துக் கொள்ளாமலே இருந்து, கால்விரலில் ஆறாத புண் வந்த பின்னரோ, கண்பார்வை மங்கிய பின்னரோ மருத்துவமனைக்கு வரும் நோயாளிகள் நம் நாட்டில் ஏராளம். நீரிழிவு சத்தமின்றி வரும் நோய். தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமின்றி எடை குறைதல் ஆகிய அறிகுறிகள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது இரத்தக் குழாய்களில் தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஆகவே, அறிகுறி தோன்றுமுன் யாரைச் சோதிப்பது என்ற வினா எழுகிறது. எல்லோரையும் ஆண்டுதோறும் சோதிக்கப் பணமும் இல்லை, ஆட்களும் இல்லை. யாருக்கு நோய் வரும் சாத்தியம் மிகுதி என்பதை முன்கூட்டி ஊகிக்க ஒரு வழி வேண்டும்.

ஒரு சிற்றூர் கற்பித்த பாடம்

இத்தகைய ஊகத்தை விஞ்ஞானமாக்கிய பெருமை அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்திலுள்ள ஃப்ரேமிங்ஹாம் என்ற சிற்றூருக்கு உரியது. 1945 ஏப்ரல் 12 அன்று குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மூளையில் இரத்தம் கசிந்து மாண்டார். அன்று அவருடைய இரத்த அழுத்தம் 300/190 என்று குறிக்கப்பட்டது. இன்று ஒரு கிராமச் செவிலியும் கண்டு அஞ்சக்கூடிய எண் இது. அந்நாளிலோ, வயது ஏற ஏற இரத்த அழுத்தமும் ஏறுவது இயல்பே என்று மருத்துவர் பலரும் எண்ணியிருந்தனர். மாரடைப்பு எவரைத் தாக்கும், ஏன் தாக்கும் என்பதற்கு விடை இல்லை.

1948-இல் அவ்வூரில் 30 முதல் 62 வயது வரையுள்ள ஆண்களும் பெண்களுமாக 5,209 பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை அவர்களை முழுமையாகச் சோதித்து வரத் தொடங்கினர். இந்த ஆராய்ச்சியில் மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை. யார் புகைபிடிக்கிறார், யாருக்கு இரத்த அழுத்தம் எவ்வளவு, கொலஸ்டரால் எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொண்டு, யாருக்கு நோய் வருகிறதென்று காத்திருந்தனர், அவ்வளவே. பொறுமையே இதன் கருவி. 1961-இல் டாக்டர் கேனலும் அவருடைய உடனுழைப்பாளர்களும் ஆறாண்டு அனுபவத்தை வெளியிட்டபோது, இரத்த அழுத்தமும் கொலஸ்டராலும் மிகுந்தவர்களிடம் இருதய நோய் பன்மடங்கு தோன்றியது புலனாயிற்று. ‘ஆபத்துக் காரணி’ என்ற சொற்றொடர் மருத்துவ உலகில் வேரூன்றியது அக்கட்டுரையால்தான்.

இச்சொல்லைச் சற்று நிதானித்துப் புரிந்துகொள்ள வேண்டும். ஆபத்துக் காரணி என்பது நோயன்று. நோய்க்கு உறுதியான காரணமும் அன்று. அது இருப்பவரிடையே நோய் மிகுதியாகவும், இல்லாதவரிடையே குறைவாகவும் காணப்படுகிறது என்பதே பொருள். மழைமேகம் கண்டவுடன் குடை எடுத்துச் செல்பவர், மழை நிச்சயம் பெய்யும் என்று நம்பிச் செல்வதில்லை. ஆனால் மேகத்தைப் பாராமலே செல்பவரைக் காட்டிலும் அவர் நனையும் வாய்ப்புக் குறைவு.

ஃப்ரேமிங்ஹாம் மக்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வழிவந்தவர்கள். அவர்களிடம் கண்ட கணக்கை அப்படியே பெயர்த்து இந்தியர்மீது பொருத்தினால் சரியாக அமைவதில்லை. 52 நாடுகளில் நடத்தப்பெற்ற ‘இன்டர்ஹார்ட்’ ஆராய்ச்சியின் விவரங்களை 2007-இல் பிரித்துப் பார்த்தபோது, தெற்காசிய மக்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருவதும், மற்ற நாடுகளில் அது ஏறத்தாழ 59 வயதில் வருவதும் தெரிந்தது. காரணிகள் அவையேதாம், ஆனால் நம்மிடம் அவை இளமையிலேயே குடிபுகுந்து விடுகின்றன. குடும்பத்தைத் தாங்கி நிற்கும் வயதில் ஆறு ஆண்டுகள் என்பது சிறிய வேறுபாடன்று.

இந்நாட்டின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை நாட்டின் 31 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் 1,13,043 பேரைச் சோதித்து, அதன் முடிவுகளை 2023-இல் வெளியிட்டனர். இதன்படி நாட்டில் நீரிழிவு உள்ளவர் 10 கோடியே 13 லட்சம் பேர். நீரிழிவின் வாயிலில் நிற்பவர், அதாவது இரத்தச் சர்க்கரை இயல்பைக் கடந்தும் நோயின் எல்லையைத் தொடாமலும் உள்ளவர், 13 கோடியே 60 லட்சம் பேர். கோவாவில் நூற்றுக்கு 26.4 பேருக்கு நீரிழிவு. உத்தரப் பிரதேசத்தில் 4.8 பேருக்கு. உத்தரப் பிரதேசத்தின் குறைந்த எண்ணைக் கண்டு மகிழ்வதற்கில்லை. நகர வாழ்க்கையும் வருமானமும் பெருகும்போது நோயும் பின்தொடர்ந்து வருவதைப் பிற மாநிலங்களின் அனுபவம் காட்டியுள்ளது.

யாருக்கு என்ற வினாவுக்கு இங்கு விடை காணும் முயற்சி சென்னையில் நடைபெற்றது. அந்நகரின் மக்களிடையே நடத்திய ஆய்வொன்றின் விவரங்களைக் கொண்டு, மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் 2005-இல் இந்திய நீரிழிவு ஆபத்து மதிப்பெண் என்னும் எளிய கணக்கை வெளியிட்டனர். இரத்தம் எடுக்க வேண்டியதில்லை. ஓர் அளவு நாடாவும் நான்கு வினாக்களும் போதும்.

முதலாவது வயது. 35-க்குக் கீழ் எனில் மதிப்பெண் இல்லை. 35 முதல் 49 வரை 20. 50-உம் அதற்கு மேலும் 30. இரண்டாவது இடுப்புச் சுற்றளவு. ஆண்களுக்கு 90 செ.மீ.க்குக் குறைவாகவும் பெண்களுக்கு 80 செ.மீ.க்குக் குறைவாகவும் இருந்தால் மதிப்பெண் இல்லை. அதற்கு மேல் 10 செ.மீ. வரை 10 மதிப்பெண். ஆண்களுக்கு 100-உம் பெண்களுக்கு 90-உம் எட்டிவிட்டால் 20. மூன்றாவது உழைப்பு. தவறாத உடற்பயிற்சியும் கடின வேலையும் இரண்டும் உள்ளவருக்கு மதிப்பெண் இல்லை. இரண்டில் ஒன்று மட்டும் உள்ளவருக்கு 20. பயிற்சியுமின்றி உட்கார்ந்தே வேலை பார்ப்பவருக்கு 30. நான்காவது பெற்றோர். இருவருக்கும் நீரிழிவு இல்லையெனில் மதிப்பெண் இல்லை. ஒருவருக்கு இருந்தால் 10. இருவருக்கும் இருந்தால் 20. கூட்டினால் முழு அளவு 100. 30-க்குக் கீழ் ஆபத்து குறைவு. 30 முதல் 50 வரை நடுத்தரம். 60-உம் அதற்கு மேலும் மிகுதி.

இடுப்பை அளப்பதில் ஒரு சொல். கால்சட்டையின் அளவு இங்கு உதவாது. பெரும்பாலோர் அதனைத் தொந்திக்குக் கீழேயே அணிகின்றனர். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, ஆடையின்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில் நாடாவைச் சுற்ற வேண்டும். வயிற்றை உள்ளிழுத்துக் கொள்வதால் ஏமாறுபவர் அளக்கப்படுபவரே.

ஓர் உதாரணம் காண்போம். நாகபுரியில் ஓர் அலுவலகத்தில் எழுத்தராக வேலை பார்க்கும் 42 வயதுடைய ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். இடுப்பு 94 செ.மீ.; உடற்பயிற்சி இல்லை; தாய்க்கு நீரிழிவு. வயதுக்கு 20, இடுப்புக்கு 10, உழைப்பின்மைக்கு 30, தாய்வழிக்கு 10, ஆக 70. அவர் நாள்தோறும் தவறாது நடக்கத் தொடங்கினால் 60 ஆகும். இடுப்பும் 90-க்குக் கீழ் வந்தால் 50 ஆகி, நடுத்தரப் பிரிவுக்கு வந்துவிடுவார். ஆனால் எட்டாண்டு கழித்து அவருக்கு 50 வயது நிறையும்போது, வேறெதுவும் மாறாமலே, கணக்கு மீண்டும் 60 என்று காட்டும். காலம் சேர்க்கும் பத்து மதிப்பெண்ணை எவராலும் திருப்பித் தர இயலாது. இதற்கு எதிராக மற்றோர் இளைஞர்: வயது 28, பெற்றோர் இருவருக்கும் நீரிழிவு, இடுப்பு 102 செ.மீ.; நடையென்பது வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள் வரையில்தான். வயதுக்கு ஒன்றுமில்லை, எனினும் 20, 30, 20 என்று கூடி அவரும் 70-இல் நிற்கிறார். இளமை ஒரு கவசம் என்பது இவரளவில் பொய்த்துவிட்டது.

எண்ணைப் படிக்கும் விதம்

70 என்றதும் ‘நூற்றுக்கு எழுபது பங்கு எனக்கு நோய் வரப்போகிறது’ என்று கொள்வோர் உண்டு. அது பிழை. மதிப்பெண் என்பது சதவிகிதமன்று. இக்கணக்கை வகுத்தோரே அதன் குறைகளையும் அளந்து கூறியுள்ளனர். அவர்கள் ஆராய்ந்த மக்களிடையே, 60-உம் அதற்கு மேலும் பெற்ற நூறு பேரைச் சோதித்தால் அவருள் 17 பேருக்குத்தான் அறியப்படாத நீரிழிவு இருக்கும். 83 பேருக்கு அப்போது இராது. 60-க்குக் கீழ் பெற்ற நூறு பேருள் 95 பேருக்கு நோய் இல்லை; 5 பேருக்கு உண்டு. வேறு பக்கமிருந்து நோக்கினால், நோய் இருந்தும் அறியாதிருக்கும் நூறு பேருள் இந்த நாடா 72 அல்லது 73 பேரைப் பிடித்துத் தருகிறது. எஞ்சியவர் வலைக்குள் சிக்காமல் நழுவிவிடுகின்றனர்.

இதனால் கணக்கு பயனற்றது என்று முடிவு செய்தல் கூடாது. எவ்விதச் சல்லடையும் இல்லாமல் வீதியில் போகிறவர் நூறு பேரைச் சோதித்தால் இத்தனை பேர் கிடைக்கமாட்டார்கள். செலவில்லாத ஒரு சல்லடைக்கு இது நல்ல பயன். ஆனால் சல்லடை வேறு, சோதனை வேறு. மதிப்பெண் மிகுந்தவருக்கு அது இடும் கட்டளை ஒன்றே: இரத்தத்தைச் சோதித்துக் கொள்க. மதிப்பெண் குறைந்தவருக்கு அது தரும் ஆறுதல் பெரிது, ஆயினும் முழுமையானதன்று. அறிகுறி தோன்றினால் ‘எனக்கு மதிப்பெண் குறைவு’ என்று வாளாவிருத்தல் ஆகாது.

நாளேடுகளில் அடிக்கடி வரும் மற்றொரு குழப்பத்தையும் இங்கே தெளிவாக்குதல் நலம். ‘இன்ன பழக்கம் உள்ளவருக்கு இன்ன நோய் இரு மடங்கு வரும்’ என்று தலைப்பிடுகின்றனர். எதற்கு இரு மடங்கு என்பதைக் கூறுவதில்லை. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய் இரு மடங்கானால் ஆயிரத்தில் இருவருக்கு வரும். எஞ்சிய 998 பேருக்கு வராது. நூற்றுக்கு இருபது பேருக்கு வரும் நோய் இரு மடங்கானால் நாற்பது பேருக்கு வரும்; அது ஊரையே உலுக்கும் செய்தி. மடங்கை மட்டும் கேட்டு அஞ்சுவதும், மடங்கை மட்டும் கேட்டு மருந்து வாங்குவதும் ஒரே வகைத் தவறு. ‘என் வயதும் நிலையும் உடைய நூறு பேரில் எத்தனை பேருக்கு, எத்தனை ஆண்டுகளுக்குள்?’ என்று மருத்துவரைக் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. அவ்வினாவுக்கு விடை சொல்லாத விளம்பரத்தை நம்பவேண்டியதில்லை.

நான்கு வினாக்களில் அடங்காத செய்திகளும் உள. கருவுற்றிருந்தபோது இரத்தச் சர்க்கரை மிகுந்து, பிள்ளை பிறந்தபின் தணிந்துபோன பெண்களுக்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிடப் பன்மடங்கு மிகுதி. பிரசவத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டார் மறந்துவிடுகின்றனர். மறவாமல் நினைவூட்ட வேண்டியது இதுவே. புகைபிடிப்பதும் நீரிழிவின் வாய்ப்பைக் கூட்டுகிறது. ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் உட்கொள்பவரும் தம் இரத்தச் சர்க்கரையைக் கவனித்து வரவேண்டும்.

உள்ளே நடப்பது

உண்ட அரிசியும் கோதுமையும் குளுக்கோஸாக இரத்தத்தில் கலக்கின்றன. கணையத்தில் சுரக்கும் இன்சுலின், அந்தக் குளுக்கோஸைத் தசைகளுக்குள்ளும் பிற திசுக்களுக்குள்ளும் செலுத்துகிறது; கல்லீரல் தானாகச் சர்க்கரையை இரத்தத்தில் விடுவதையும் தடுத்து வைக்கிறது. தோலுக்கடியில் சேரும் கொழுப்பு பெரும்பாலும் அவ்வளவு தொல்லை தருவதில்லை. வயிற்றுக்குள் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் சேரும் கொழுப்போ இன்சுலினின் கட்டளையைச் செல்லாக்காசாக்கி விடுகிறது. ஒரு பங்கு இன்சுலின் செய்த வேலைக்கு இப்போது இரண்டு, மூன்று பங்கு வேண்டியிருக்கிறது. கணையம் சில ஆண்டுகள் கூடுதலாக உழைத்து ஈடு கொடுக்கிறது; அதுவரை இரத்தச் சோதனையில் எல்லாம் சரியாகவே தோன்றும். பின்னர் அதன் செல்கள் களைத்துக் குறையத் தொடங்குகின்றன. நோய் கண்டுபிடிக்கப்படும் நாளில் அவற்றின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி போயிருக்கும் என்பது பிரிட்டனில் நடந்த நீண்ட ஆராய்ச்சியொன்றின் மதிப்பீடு. சிறுவர்களிடம் பெரிதும் காணப்படும் முதல் வகை நீரிழிவு வேறு. அதில் உடலின் தற்காப்புப் படையே கணையத்தின் செல்களை அழித்துவிடுகிறது. அதற்கும் இடுப்பளவுக்கும் தொடர்பில்லை.

நம் நாட்டவரிடம் வயிற்றுக் கொழுப்பு எளிதில் சேர்வதன் மூலத்தைப் புனேயைச் சூழ்ந்த கிராமங்களில் தேடினர். 1993-இல் தொடங்கிய ஆராய்ச்சியில், அங்குப் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ என்றும், இங்கிலாந்தின் சவுதாம்ப்டன் நகரில் பிறந்த குழந்தைகளின் எடை 3.5 கிலோ என்றும் கண்டனர். இந்தியக் குழந்தைகள் எல்லா அளவிலும் சிறியவை. ஆனால் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. தசையில் கஞ்சத்தனம், கொழுப்பில் தாராளம் என்ற இந்த உடலமைப்புப் பிறக்கும்போதே உடன் வருகிறது. தாய் உண்ட சோற்றின் குறை, மகனின் ஐம்பதாவது வயதில் வேறு உருவில் வந்து நிற்கிறது. பசியால் வாடிய தலைமுறையின் பேரப்பிள்ளைகள் மிகையுணவின் நோயால் துன்புறுவதன் விந்தை இதனால் ஓரளவு விளங்கும்.

பரம்பரை என்னும்போதும் எச்சரிக்கை வேண்டும். நீரிழிவின் நாட்டம் ஒரே ஒரு மரபணுவால் வருவதன்று. மிகச் சிறிய விளைவுடைய மரபணு வேறுபாடுகள் பல கூடி விளைவது. அன்றியும், தந்தையிடமிருந்து மகன் பெறுவது மரபணுக்களை மட்டுமன்று. அதே சமையலறை, அதே இரவு பத்து மணிச் சாப்பாடு, அதே நாற்காலி இவையும் குடும்பச் சொத்துக்களே. இவற்றில் பின்னவற்றை மறுக்கும் உரிமை வாரிசுக்கு உண்டு.

உழைப்பைப் பற்றியும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் 14,227 பேரை ஆராய்ந்து 2014-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நூற்றுக்கு 54.4 பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். விளையாட்டு, நடை முதலிய ஓய்வுநேரப் பயிற்சிகளில் ஈடுபடுவோர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. எந்திரக்கல்லும் உரலும் வீட்டைவிட்டுப் போனது பெண்களுக்குப் பெரும் விடுதலை. அதனைக் குறை கூறுவார் இலர். ஆனால் போன உழைப்புக்கு ஈடாக அவர்கள் நடப்பதற்கு ஒரு பாதையோ, விளக்குள்ள பூங்காவோ, அரைமணி நேர ஓய்வோ நம் நகரங்கள் தரவில்லை. ‘உடற்பயிற்சி செய்யுங்கள்’ என்று சீட்டில் எழுதுவது எளிது. மதிப்பெண்ணில் 30 என்று விழும் எண்ணில் ஒரு பங்கு நகராட்சியின் கணக்கில் எழுதப்பட வேண்டியது.

சோதனையும் அதற்குப் பிறகும்

எட்டு மணி நேரமாவது உண்ணாதிருந்து எடுத்த இரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்கு 126 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தாலும், 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்து 200 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தாலும் நீரிழிவு எனப்படும். அறிகுறி இல்லாதவரிடம் ஒரே சோதனையால் முடிவு கட்டாமல், மற்றொரு முறை உறுதி செய்துகொள்வது வழக்கம். இரண்டு மணி நேரச் சோதனையில் 140 முதல் 199 வரை வந்தால் நோயின் வாயில். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹீமோகுளோபின் ஏ1சி என்ற சோதனையில் எல்லை 6.5 சதவிகிதம். இதற்கு உண்ணாதிருக்க வேண்டியதில்லை என்பது வசதி. ஆனால் இரும்புச் சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவரிடம் இது உண்மையைவிட மிகுதியாகக் காட்டக்கூடும். இரத்தசோகை நம் பெண்களிடம் எவ்வளவு பரவியுள்ளது என்பதை அறிந்த மருத்துவர் இந்த ஓர் எண்ணை மட்டும் கொண்டு முடிவு செய்யமாட்டார்.

வாயிலில் நிற்பவரைத் திருப்பி அனுப்ப முடியுமா? இதற்குச் சோதனை முறையிலேயே விடை கண்டுள்ளனர். இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆராய்ச்சி 2006-இல் வெளியாயிற்று. டாக்டர் ராமச்சந்திரன் தலைமையில், வாயிலில் நின்ற 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். முதற் குழுவுக்குப் பொதுவான அறிவுரை மட்டும், இரண்டாவது குழுவுக்கு நாள்தோறும் அரைமணி நேர நடையும் உணவுத் திட்டமும், மூன்றாவதற்கு மெட்பார்மின் மாத்திரை, நான்காவதற்கு இரண்டும். மூன்றாண்டு முடிவில் முதற் குழுவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடையும் உணவும் மாற்றிய குழுவில் 39.3, மாத்திரைக் குழுவில் 40.5; இரண்டும் சேர்ந்த குழுவில் 39.5. நடையோடு மாத்திரையைச் சேர்த்தும் கூடுதல் பயன் விளையவில்லை. மற்றொரு செய்தியும் கவனத்துக்குரியது: நடைக் குழுவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையாமலே இப்பயன் கிட்டியது. தராசின் முள் அசையவில்லை என்று மனம் சோர்ந்து நடையை நிறுத்துபவர் இதனை நினைவிற் கொள்ளலாம். சுருங்கி விரியும் தசை, இன்சுலினின் துணையை எதிர்பாராமலே குளுக்கோஸை இழுத்துக் கொள்ளும் இயல்புடையது.

அமெரிக்காவில் நடந்து 2002-இல் வெளியான இதே போன்ற ஆராய்ச்சியில் எவ்வித மாற்றமும் செய்யாத குழுவில் மூன்றாண்டில் நோய் கண்டவர் நூற்றுக்கு ஏறத்தாழ 29 பேர். இங்கோ 55. வாயிலில் நிற்கும் நேரம் இந்தியருக்கு அவ்வளவு குறுகியது.

55-க்கும் 39.3-க்கும் உள்ள வேறுபாடு 15.7. அதாவது, ஆறு அல்லது ஏழு பேர் மூன்றாண்டு முறையாக நடந்து, உணவை மாற்றிக்கொண்டால், அவர்களுள் ஒருவர் நோயிலிருந்து தப்புகிறார். அந்த ஒருவர் யார் என்பது அவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. அதே கணக்கின் மறுபக்கம்: சொன்னபடியெல்லாம் செய்தும் நூற்றுக்கு 39 பேருக்கு நோய் வந்தது. ஆகவே நீரிழிவுக்காரர் ஒருவரைப் பார்த்து ‘நாக்கை அடக்காததால் வந்த வினை’ என்று உறவினர் கடிந்துகொள்வதில் நியாயமும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை. அந்தக் கடுஞ்சொல்லுக்கு அஞ்சியே நோயை மறைத்து வைப்போர் உண்டு. திருமணத்துக்கு நிற்கும் பெண்களின் வீடுகளில் இது இன்னும் அதிகம்.

வராமல் தடுப்பது ஒருபுறமிருக்க, தள்ளிப் போடுவதும் பயனுடையதா என்ற வினாவுக்குச் சீனாவின் டாசிங் நகரம் விடை தந்துள்ளது. 1986-இல் அங்கு 577 பேரை எடுத்துக்கொண்டு, ஆறாண்டுக் காலம் உணவையும் உழைப்பையும் மாற்றினர். முப்பது ஆண்டுகள் கழித்து, 2019-இல் வெளியான அறிக்கையில், மாற்றம் செய்தவர்களிடம் நீரிழிவு தோன்றுவது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் தள்ளிப்போனதும், மாரடைப்பு, பக்கவாதம் முதலியன நூற்றுக்கு 26 பங்கு குறைந்ததும், அவர்களது வாழ்நாள் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு நீண்டதும் காணப்பட்டன.

இந்தியாவில் முப்பது வயது கடந்தவர்களுக்கென அரசு நடத்தும் பரிசோதனைத் திட்டத்தில், ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து ஒரு படிவத்தை நிரப்புகிறார். வயது, புகையிலை, மது, இடுப்பளவு, உடலுழைப்பு, குடும்பத்தில் உயர் இரத்த அழுத்தம் அல்லது நீரிழிவு அல்லது இருதய நோய் என்பவையே அதில் உள்ள வினாக்கள். கூட்டுத்தொகை நான்கைக் கடந்தால் முதலில் சோதிக்கப்பட வேண்டியவராகக் குறிக்கப்படுவர். அருகிலுள்ள ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திரில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் கட்டணமின்றிப் பார்க்கப்படுகின்றன. சர்க்கரை இயல்பாக இருப்பின் மூன்றாண்டுக்குள் மீண்டும் ஒருமுறையும், வாயிலில் இருப்பின் ஆண்டுதோறும் சோதித்துக் கொள்வது பொதுவான முறை. படிவம் நிரப்ப வரும் பெண், வீட்டில் இருக்கும் பெண்களையும் முதியோரையும் மட்டும் கண்டுவிட்டுத் திரும்புவதே பல இடங்களில் நிகழ்கிறது. பகலில் வேலைக்குப் போயிருக்கும் நாற்பது வயது ஆண், மாலையில் வீடு திரும்பிய பின் அந்த நாடாவைக் கேட்டு வாங்கித் தம் இடுப்பைத் தாமே அளந்துகொள்ளத் தடையொன்றுமில்லை.